உலையிலிருந்து அளவுகருவி வரை: வெப்பநிலை அளவீட்டுக் கம்பிகளும் புவி இணைப்பும் கடந்து வந்த பாதை

தொழிற்சாலை உலைகளின் வெப்பநிலையை அளக்கும் கலையின் வரலாறு பெரும்பாலும் உலைக்குள் நுழையும் முனையின் வரலாறாகவே எழுதப்பட்டுவந்துள்ளது. ஆனால் களிமண் துண்டில் தொடங்கி உலோகச் சந்தியிலும் பிளாட்டினச் சுருளிலும் வந்து நிலைகொண்ட அந்த முனையின் கதை, 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள்ளாகவே அடிப்படையில் நிறைவடைந்துவிட்டது. அதற்குப் பிந்தைய நெடுங்காலத்தில் பொறியாளர்களை உண்மையாக அலைக்கழித்தவை, முனையில் பிறக்கும் சில மில்லிவோல்ட் மின்னழுத்தத்தை அளவுகருவி வரை சிதையாமல் கொண்டுசெல்லும் கம்பியும், அக்கம்பியை மூடும் உறையும், உலையையும் கருவியையும் மண்ணோடு பிணைக்கும் புவி இணைப்புமே ஆகும். தொழிலாளர்கள் ‘எர்த்’ என்று சுருக்கமாகச் சொல்லும் இந்தப் புவி இணைப்பு, தந்தித் தொழிலில் செலவைக் குறைத்த நண்பனாக அறிமுகமாகி, அளவீட்டுத் தொழிலில் எண்களைக் குலைக்கும் பகையாக மாறி, இறுதியில் கடுமையான விதிகளுக்கு உட்பட்டு இரு தரப்புக்கும் பயன்படும் நிலையை அடைந்த விதம் தனியே ஆராயத்தக்கது.

இங்கிலாந்தின் மட்பாண்ட உற்பத்தியாளரான ஜோசையா வெட்ஜ்வுட், 1782ஆம் ஆண்டில் ராயல் சொசைட்டியின் முன் வைத்த கருவியில் கம்பி என்பதே இல்லை. சூளையில் வைத்த களிமண் துண்டு எவ்வளவு சுருங்குகிறது என்பதைக் கொண்டு சூட்டைக் கணிக்கும் அக்கருவி, ஒரு சூளையை இன்னொரு சூளையோடு ஒப்பிடுவதற்கு உதவியதே அன்றி, உண்மையான வெப்பநிலையைத் தரவில்லை. வார்ப்பிரும்பு உருகும் நிலையை அது 17,977 டிகிரி ஃபாரன்ஹீட் என்று காட்டியது, உண்மை மதிப்போ அதில் எட்டில் ஒரு பங்கை ஒட்டியதே. மேலும், துண்டை வெளியே எடுத்து ஆறவைத்த பிறகே அளக்க முடியும் என்பதால், உலை எரிந்துகொண்டிருக்கும்போதே அதன் நிலையை வேறோர் இடத்தில் இருந்தபடி அறிவது அக்காலத்தவரின் எண்ணத்துக்கே எட்டாததாக இருந்தது.

அந்த வழியைத் திறந்தது 1821ஆம் ஆண்டில் பெர்லினில் தாமஸ் யோஹான் சீபெக் செய்த சோதனையாகும். இரு வேறு உலோகங்களை வளையமாக இணைத்து, இரண்டு சந்திகளுள் ஒன்றை மட்டும் சூடேற்றினால் அருகிலுள்ள காந்த ஊசி விலகுவதை அவர் கண்டார். அதைக் காந்த விளைவு என்றே அவர் விளக்கினாலும், வளையத்தில் மின்னோட்டம் பாய்வதே காரணம் என்பது விரைவில் தெளிவாயிற்று. பாடநூல்கள் வெப்ப மின்னிரட்டை என்றும் ஆலைகள் தெர்மோகப்பிள் என்றும் வழங்கும் கருவியின் பிறப்பு இதுவே. அதன் இயல்பில் ஒன்றை இங்கேயே குறித்துக்கொள்வது தேவையாகிறது: தெர்மோகப்பிள் ஒரு புள்ளியின் வெப்பநிலையை நேராகச் சொல்வதில்லை, சூடான சந்திக்கும், கருவியை நோக்கிய மறுமுனையிலுள்ள குளிர் சந்திக்கும் இடையிலான வேறுபாட்டையே சொல்கிறது. ஆகவே குளிர் சந்தி எங்கே அமைகிறது, அதன் வெப்பநிலை என்ன என்பது தெரியாதவரை கருவி காட்டும் எண்ணுக்குப் பொருள் இல்லை. கம்பியைப் பற்றிய கவலை, கருவி பிறந்த நாளிலேயே அதனோடு சேர்ந்து பிறந்துவிட்டது.

இருப்பினும் அடுத்த அறுபது ஆண்டுகள் இக்கருவி ஆலைக்குள் நுழையவில்லை. பிரான்சில் பூய்யே 1836இல் துப்பாக்கிக் குழலின் இரும்பையும் பிளாட்டினக் கம்பியையும் இணைத்து உயர் வெப்பமானி ஒன்றை அமைத்தார்; சில ஆண்டுகளுக்குப் பிறகு அதே இரும்பு, பிளாட்டின இணையை ஆராய்ந்த ரெனோ, அது ஒழுங்கற்ற முடிவுகளையே தருகிறது என்று கண்டு அதைக் கைவிடச் செய்தார். நுண்ணிய அளவீட்டில் அக்காலத்தில் நிகரற்றவராக மதிக்கப்பட்ட அவருடைய தீர்ப்பு ஒரு தலைமுறைக்கே தடையாக அமைந்தது. அத்தடையை 1886இல் நீக்கியவர் பாரிஸ் சுரங்கக் கல்லூரியின் ஆன்றி ல ஷாத்தெலியே. தூய பிளாட்டினத்தையும், 10 விழுக்காடு ரோடியம் கலந்த பிளாட்டினத்தையும் இணைத்து, கம்பி நெடுகிலும் உலோகம் ஒரே சீராக இருக்க வேண்டும் என்று வற்புறுத்தியதோடு, அதனைத் திப்ரே, தார்சோன்வால் ஆகியோர் உருவாக்கியிருந்த சுருள் கால்வனோமீட்டருடன் பொருத்தினார். அக்கால்வனோமீட்டரின் மின்தடை அதிகமாக இருந்ததால், இணைப்புக் கம்பியின் நீளமும் சூடும் மாறினாலும் முள்ளின் விலக்கம் மிகக் குறைவாகவே பாதிக்கப்பட்டது. ல ஷாத்தெலியேயின் வெற்றிக்கு ரோடியக் கலவையே காரணம் என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. கம்பியின் சீர்மையையும் கருவியின் மின்தடையையும் ஒருங்கே கவனித்த அவருடைய முறையே அதற்குச் சமமான காரணம் என்பதை இந்த வரலாறு ஏற்க வேண்டும்.

இதே காலத்தில் இன்னொரு கிளையும் வளர்ந்தது. வெப்பம் ஏறினால் உலோகத்தின் மின்தடையும் ஏறும் என்பதை ஹம்ஃப்ரி டேவி 1821இலேயே அறிவித்திருந்தார். கப்பலின் வயிற்றில் சுருட்டி வைக்கப்பட்ட கடலடித் தந்திக் கம்பி தானாகவே சூடேறிக் காப்புப் பொருளைக் கெடுத்துவிடுமோ என்ற அச்சத்தால், 1860ஆம் ஆண்டளவில் வில்லியம் சீமென்ஸ் இந்த இயல்பைப் பயன்படுத்திச் சுருளின் உட்புறச் சூட்டைக் கண்காணித்தார். பின்னர் 1871இல் பிளாட்டின மின்தடை வெப்பமானியை உலைகளுக்காக முன்வைத்தார். அதை ஆராய்ந்த பிரிட்டிஷ் அசோசியேஷன் குழு, உயர்ந்த சூட்டுக்கு உட்பட்ட பின் பிளாட்டினத்தின் மின்தடை பழைய நிலைக்குத் திரும்புவதில்லை என்று கண்டதால், கருவி மதிப்பிழந்தது. கேம்பிரிட்ஜின் கேவன்டிஷ் ஆய்வுக்கூடத்தில் ஹியூ காலண்டர், 1880களின் பிற்பகுதியில் பிளாட்டினக் கம்பியை மைக்கா தகட்டின் மேல் சுற்றி, அதைக் கெடுக்கும் பொருள்களிலிருந்து விலக்கி வைத்தால் அது முழு நம்பிக்கைக்கு உரியது என்று நிறுவினார்.

மின்தடை வெப்பமானியில் கம்பியின் சிக்கல் மேலும் வெளிப்படையானது. ஏனெனில் அங்கே அளக்கப்படுவதே மின்தடை, இணைப்புக் கம்பிக்கும் அதே மின்தடை உண்டு. இன்று ஆலைகளில் பரவலாக உள்ள பி.டி.100 என்னும் முனை, 0 டிகிரி செல்சியஸில் 100 ஓம் மின்தடை கொண்டது, ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.385 ஓம் உயர்வது. எனவே போகவரச் செல்லும் இரு கம்பிகளும் சேர்ந்து 1 ஓம் மட்டும் கூட்டினாலே எண் 2.6 டிகிரி ஏறிவிடும், அதுவும் வெயில் ஏறும்போது ஒரு விதமாகவும் இரவில் வேறு விதமாகவும் மாறிக்கொண்டிருக்கும். சீமென்ஸ் மூன்றாவது கம்பி ஒன்றைச் சேர்த்து, இரு இணைப்புக் கம்பிகளின் மின்தடையும் சமன்சுற்றின் அடுத்தடுத்த பக்கங்களில் விழுந்து ஒன்றையொன்று நீக்கும்படி செய்தார். காலண்டர், முனையோடு சேராமல் அதன் அருகிலேயே சென்று திரும்பும் போலிக் கம்பி இணை ஒன்றை அமைத்து அதே பயனை இன்னும் நுட்பமாக அடைந்தார். மூன்று கம்பி, நான்கு கம்பி என்று இன்றைய கருவியின் முனைப்பலகையில் காணப்படும் அமைப்புகளுக்கு இவையே மூதாதைகள்.

தெர்மோகப்பிளின் பக்கத்தில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் மலிவான உலோகங்களின் காலமாயிற்று. அமெரிக்காவின் ஆல்பர்ட் மார்ஷ் 1906இல் காப்புரிமை பெற்ற நிக்கல், குரோமியக் கலவையிலிருந்து வளர்ந்த குரோமெல், அலுமெல் இணை, பின்னாளில் கே வகை என்ற பெயரில் உலகெங்கும் ஆலைகளை நிரப்பியது. மலிவு வந்ததும் ஓர் ஆலையில் பத்து, இருபது உலைகளிலிருந்து கம்பிகளை இழுத்து ஒரே அறையில் பதிவுக்கருவியை வைக்கும் வழக்கம் பரவியது. அதோடு குளிர் சந்திச் சிக்கலும் பெருகியது. உலையின் தலைப்பகுதியிலிருந்து வெறும் செப்புக் கம்பியை இழுத்தால், அனல் வீசும் அந்தத் தலைப்பகுதியே குளிர் சந்தியாகிவிடும். உலைக் கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அளவு அலையும். அதற்கு மாற்றாக, தெர்மோகப்பிளின் அதே கலவையாலோ, தாழ்ந்த சூட்டில் அதைப் போன்றே நடந்துகொள்ளும் மலிவான கலவையாலோ செய்யப்பட்ட ஈடுசெய் கம்பி பயன்பாட்டுக்கு வந்து, குளிர் சந்தியை அமைதியான கருவியறைக்கு நகர்த்தியது.

இக்கம்பிகளில் எது நேர், எது எதிர் என்று காட்ட நிறங்கள் பூசப்பட்டபோது நாடுகள் ஒன்றோடொன்று கலந்து பேசவில்லை என்பது இவ்வரலாற்றின் மிக வருந்தத்தக்க பகுதிகளுள் ஒன்று. அமெரிக்க மரபில் கே வகைக் கம்பியின் நேர்முனை மஞ்சள், எதிர்முனை சிவப்பு; ஜெர்மானிய மரபிலோ நேர்முனையே சிவப்பு, எதிர்முனை பச்சை; பிரிட்டனில் பழுப்பும் நீலமும்; பிற்காலத்தில் வந்த பன்னாட்டுத் தரத்தில் பச்சையும் வெள்ளையும். ஒரு நாட்டில் எதிரைக் குறித்த நிறம் இன்னொரு நாட்டில் நேரைக் குறித்ததால், பல நாட்டு இயந்திரங்களை வாங்கி நிறுவும் ஆலைகளில் கம்பிகள் தலைமாறி இணைக்கப்படும் ஆபத்து நிலையாகவே தங்கிவிட்டது. ஈடுசெய் கம்பி மட்டும் தலைமாறினால் முள் பின்னோக்கி ஓடி எச்சரிப்பதில்லை. எண் ஏறத்தாழச் சரியாகவே தோன்றியபடி, தலைப்பகுதிக்கும் கருவியறைக்கும் உள்ள சூட்டு வேறுபாட்டைப் போல் இரு மடங்கு குறைவாக நிற்கும். உலை மேலும் சூடேற்றப்பட, உள்ளிருக்கும் பொருள் கெடும்.

இனி மண்ணின் பக்கம் திரும்ப வேண்டும். தந்திக்குப் போகவர இரண்டு கம்பிகள் தேவையில்லை, ஒரு கம்பி போதும், திரும்பும் வழியாக நிலமே அமையும் என்பதை 1838இல் மியூனிக்கின் கார்ல் ஆகஸ்ட் ஃபோன் ஷ்டைன்ஹைல் கண்டறிந்தார். அடுத்த ஆண்டே கல்கத்தாவில் தந்திச் சோதனை நடத்திய வில்லியம் ஓஷாநெஸ்ஸி, ஹூக்ளி ஆற்றின் நீரையே சுற்றின் ஒரு பகுதியாக்கினார். கம்பியின் செலவு பாதியானதால் நில வழி உலகெங்கும் விதியாயிற்று. ஆனால் நிலம் வெறுமையான, ஒரே மட்டமான மின்னழுத்தம் கொண்ட பரப்பு என்ற நம்பிக்கை நீடிக்கவில்லை. 1859 செப்டம்பர் தொடக்கத்தில் எழுந்த மாபெரும் காந்தப் புயலின்போது, நிலத்தில் ஓடிய மின்னோட்டம் தந்திக் கம்பிகளில் ஏறி, அமெரிக்காவின் பாஸ்டனுக்கும் போர்ட்லாண்டுக்கும் இடையே மின்கலங்களை அகற்றிவிட்ட பின்னும் செய்தி அனுப்பக்கூடிய அளவுக்கு வலுவாக இருந்தது. இரு வேறு ஊர்களில் புதைத்த தகடுகளுக்கு இடையே மின்னழுத்த வேறுபாடு இருக்கக்கூடும், அவற்றை ஒரு கம்பியால் இணைத்தால் அதில் அழையாத மின்னோட்டம் பாயும் என்ற பாடம் அன்றே எழுதப்பட்டுவிட்டது. உலைக்கூடத்தின் இரு மூலைகளுக்கும் அது பொருந்தும் என்பதை உணரத்தான் காலம் பிடித்தது.

தொலைபேசி வந்ததும் அந்த மின்னோட்டம் காதில் இரைச்சலாக விழுந்தது. அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881இல், இரு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கிச் செல்லும் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். வெளியிலிருந்து தூண்டப்படும் மின்னழுத்தம் முறுக்கின் ஒவ்வொரு கண்ணியிலும் எதிரெதிர்த் திசையில் விழுந்து தானே அழியும் என்பது அதன் தத்துவம். மின்சார டிராம்கள் ஓடத் தொடங்கியதும், தண்டவாளத்திலிருந்து மண்ணில் கசிந்த மின்னோட்டம் தொலைபேசியை மட்டுமன்றி அறிவியல் நிலையங்களையும் துரத்தியது. பம்பாயில் டிராம்கள் மின்மயமாக்கப்படவிருந்ததால், கொலாபா ஆய்வகத்தின் புவிக்காந்த அளவீடுகள் 1904இல் அலிபாகில் நிறுவப்பட்ட புதிய நிலையத்துக்கு மாற்றப்பட்டன. மண்ணில் ஓடும் அழையா மின்னோட்டத்திலிருந்து அளவீட்டைக் காப்பாற்ற ஒரு நிலையமே இடம்பெயர்ந்த இந்நிகழ்ச்சி, இந்தியத் தொழில்நுட்ப வரலாற்றில் இன்னும் பரவலாக அறியப்பட வேண்டியது.

உலைக்கூடத்தில் இச்சிக்கல் தலைகாட்டியது, உலைகளே மின்சாரத்தால் எரியத் தொடங்கியபோதுதான். கரி உலையில் தெர்மோகப்பிள் உலையின் உடலைத் தொட்டாலும் தீங்கில்லை. மின்னுலையில் நிலைமை வேறு. ஏறக்குறைய 1,000 டிகிரிக்கு மேல், பிற நேரங்களில் மின்காப்புப் பொருள்களாக இருக்கும் தீச்செங்கலும் பீங்கான் குழாயும் ஓரளவு மின்கடத்தும் தன்மையைப் பெறுவதால், சூடேற்றும் சுருளின் மின்சாரம் அவற்றின் வழியே கசிந்து தெர்மோகப்பிளை அடைந்துவிடுகிறது. இன்னொரு பக்கம், மனித உயிரைக் காக்கும் பொருட்டு மின்மாற்றிகளையும் இயந்திரங்களின் உடல்களையும் மண்ணோடு இணைப்பது கட்டாயமாகிக்கொண்டிருந்தது. அமெரிக்காவின் தேசிய மின் விதித்தொகுப்பு 1913இலேயே தாழ்அழுத்தச் சுற்றுகளுக்கு இதை விதியாக்கியது. இவ்வாறு உலையின் உடலும் எர்த் பெற்றது, தொலைவில் இருந்த பதிவுக்கருவியும் எர்த் பெற்றது. இரண்டையும் இணைத்த மெல்லிய அளவீட்டுக் கம்பி, இரு எர்த்களுக்கு இடையிலான வேறுபாட்டைச் சமன்செய்யும் வழியாக ஆயிற்று. இவ்வாறு மண்ணும் கம்பியும் சேர்ந்து உருவாக்கும் மூடிய வழியே புவிச்சுற்று எனப்படும் தொல்லை. அதன் அளவை உணரச் சில எண்கள் போதும்: கே வகை ஒரு டிகிரிக்குத் தருவது சுமார் 41 மைக்ரோவோல்ட்; ஆகவே 1 மில்லிவோல்ட் பிழை ஏறக்குறைய 24 டிகிரிக்குச் சமம். ல ஷாத்தெலியேயின் பிளாட்டின இணையிலோ, 1,000 டிகிரியை ஒட்டி அதே 1 மில்லிவோல்ட் 85 டிகிரிக்கும் மேலான பிழையாகிவிடும்.

பழைய கருவிகள் இத்தொல்லையை நெடுநாள் மறைத்து வைத்திருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். கால்வனோமீட்டரின் கனத்த சுருள், நொடிக்கு 50 சுழற்சி கொண்ட மாறுதிசை மின்னோட்டத்துக்கு அசையாமல் நின்றது. அதன் மந்தமே அதற்குக் கவசம். இரண்டாம் உலகப் போரையொட்டி மின்னணு மிகைப்பிகள் கொண்ட பதிவுக்கருவிகள் பரவியபோது அக்கவசம் போயிற்று. அவற்றுள் பல, நேர்திசை மின்னழுத்தத்தை மின்வழங்கியின் அதே அதிர்வெண்ணில் துண்டுபடுத்திப் பெருக்கியதால், அக்கம்பக்க மோட்டார் கம்பிகளிலிருந்து தூண்டப்பட்ட மின்சாரத்தையும் உண்மையான குறிகையாகவே எடுத்துக்கொண்டன.

விடைகள் ஒரே நாளில் ஒருவரிடமிருந்து வரவில்லை. பெல்லின் முறுக்குக் கம்பி தொலைபேசியிலிருந்து கருவித் துறைக்கு வந்தது. ஃபாரடே 1836இல் கூண்டு ஒன்றைக் கட்டிக் காட்டிய மின்புலத் தடுப்பு, கம்பியைச் சுற்றிய செப்புப் பின்னலாகவும் அலுமினியத் தாளாகவும் வடிவெடுத்து ‘ஷீல்டு’ என்று பெயர் பெற்றது. அந்த உறையை எங்கே எர்த் செய்வது என்பதில்தான் நீண்ட குழப்பம் நிலவியது. இரு முனைகளிலும் இணைத்தால் உறையே புவிச்சுற்றாகிவிடும். எங்கும் இணைக்காவிட்டால் அது தடுப்பாகப் பயன்படாது. குறிகை எந்த இடத்தில் மண்ணைத் தொடுகிறதோ அந்த ஓரிடத்தில் மட்டுமே உறையையும் இணைக்க வேண்டும் என்ற விதி, அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் மாரிசன் 1967இல் வெளியிட்ட கருவித் துறைப் புவி இணைப்பு, உறையிடல் பற்றிய நூலில் தெளிவான கோட்பாடாக விளக்கப்பட்டது. முனை உலையின் உடலைத் தொட்டிருந்தால் உறையின் இணைப்பும் உலைப்பக்கம். முனை தனித்திருந்தால் கருவிப்பக்கம். எளிதாகத் தோன்றும் இவ்விதி, சந்தி எங்கே உள்ளது என்பதை அறியாமல் கம்பி இழுப்பவருக்கு உதவாது என்பதே அதன் உண்மையான ஆழம்.

சந்தியின் இடமும் இக்காலத்தில் மாறியது. உலோகக் குழலுக்குள் மக்னீசியம் ஆக்சைடு தூளை இறுக்கி அடைத்த கனிமக் காப்புக் கம்பி, தெர்மோகப்பிளுக்கும் பயன்பட்டபோது, சந்தியைக் குழலின் நுனியோடு பற்றவைப்பதா, தனியே விடுவதா என்ற தேர்வு எழுந்தது. பற்றவைத்தால் சூட்டை விரைவில் உணரும், ஆனால் குழலின் வழியே எர்த் ஆகிவிடும். தனியே விட்டால் சற்றுத் தாமதிக்கும், மின்சுற்றோ தூய்மையாக இருக்கும். விரைவுக்காகத் தூய்மையைக் கைவிட்ட ஆலைகள், பின்னர் கருவியின் பக்கத்தில் தனிமைப்படுத்தும் மிகைப்பிகளை வைத்து அந்த இழப்பை ஈடுகட்ட வேண்டியிருந்தது.

இந்தியாவில் புவி இணைப்புக்கான நடைமுறைத் தொகுப்பு ஐ.எஸ். 3043 என்ற எண்ணில் 1966இல் வெளிவந்து 1987இல் திருத்தப்பட்டது. உயிர்காக்கும் எர்த் ஒன்று, அளவீட்டுக்கான எர்த் மற்றொன்று என்று இரண்டும் வேறு நோக்கங்கள் கொண்டவை. கருவியறையில் இவற்றைத் தனித்தனிப் பட்டைகளில் சேர்த்து, இறுதியில் ஒரே இடத்தில் பிணைப்பதே முறை. எண் ஆடுகிறது என்பதற்காகக் கருவியின் உடலிலிருந்து உயிர்காக்கும் எர்த் கம்பியைக் கழற்றிவிடும் வழக்கம் எந்த நாட்டு ஆலையில் இருந்தாலும் அது மன்னிக்கத்தக்கதல்ல. பழுது ஏற்படும் நாளில் அந்த உடலைத் தொடும் முதல் மனிதரே மின்சாரத்துக்கு வழியாகிவிடுகிறார். அளவு சரியாக வேண்டுமானால் குறிகையைத் தனிமைப்படுத்த வேண்டுமே தவிர, மனிதனைக் காக்கும் கம்பியைத் தொடக் கூடாது.

1970களில் 4 முதல் 20 மில்லியாம்பியர் வரையிலான மின்னோட்டமாகக் குறிகையை மாற்றி அனுப்பும் முறை தரமாக நிலைபெற்றதும், சில மில்லிவோல்ட்டை நூற்றுக்கணக்கான மீட்டர் இழுக்கும் தேவை பெரிதும் குறைந்தது. கம்பியின் மின்தடை கூடினாலும் மின்னோட்டம் மாறாது. கம்பி அறுந்தால் 4க்குக் கீழே விழுந்து தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். பின்னர் அந்த மாற்றி உலையின் தலைப்பகுதிக்குள்ளேயே அடங்கும் அளவுக்குச் சிறுத்தது.

எனினும் கம்பியின் மீதான நம்பிக்கை எவ்வளவு விலைமதிப்புடையது என்பதை அக்காலத்தின் ஒரு நிகழ்ச்சி காட்டியது. 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், த்ரீ மைல் தீவு அணுமின் நிலையத்தின் இரண்டாம் உலை குளிர்விக்கும் நீரை இழந்தபோது, அதன் எரிபொருள் தொகுதிகளின் மேற்புறத்தில் 52 தெர்மோகப்பிள்கள் பொருத்தப்பட்டிருந்தன. கணினி 700 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேற்பட்ட எதையும் எண்ணாக அச்சிடாமல் கேள்விக்குறியாக அச்சிடும்படி அமைக்கப்பட்டிருந்ததால், கருவித் தொழில்நுட்பர்கள் கம்பிகளின் முனைகளிலேயே மில்லிவோல்ட்மானியை வைத்து நேராக அளந்தார்கள். சில இணைகள் 2,000 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கும் மேல் காட்டின, சில மிகத் தாழ்ந்த எண்களைத் தந்தன. இந்த முரண்பாட்டைக் கண்ட பொறுப்பாளர்கள், தெர்மோகப்பிள்களே கெட்டுவிட்டன என்று முடிவுசெய்து அந்த எண்களை ஒதுக்கிவைத்தார்கள். 1982 ஜூலையில் உலைக்குள் இறக்கப்பட்ட ஒளிப்படக்கருவி, மையப்பகுதியின் மேற்புறம் இருந்த இடத்தில் பெரிய வெற்றிடத்தைக் காட்டியது. எரிபொருளில் சுமார் பாதி உருகியிருந்தது என்பது அதைத் தொடர்ந்த ஆய்வுகளில் உறுதியாயிற்று.